கடற்சொல்லும் கணக்கும்

கலம், நாவாய், வங்கம், திமில், அம்பி, தோணி, ஓடம் எனக் கப்பலைக் குறிக்கும் சொற்களைத் தமிழ் மாணவர் ஒரே மூச்சில் ஒப்பிப்பர். வாடை, தென்றல், கொண்டல், கோடை எனக் காற்றின் பெயர்களையும் வரிசை தவறாமல் கூறுவர். ஆயின், பாய்மரப் படகு ஒன்று காற்று வரும் திசையை நோக்கி எவ்வாறு முன்னேறுகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியில் ஆழ்ந்துவிடும். சொற்கள் நிறைய உள்ளன. அவை சுட்டும் பொருள் கண்ணுக்கும் கைக்கும் எட்டாமற் போயிற்று. கடற்சொற்கள் செய்யுளின் அணிகலன்களாக மட்டும் நின்றுவிடுமாயின், நாளைய தலைமுறைக்கு அவை மனப்பாடச் சுமையே ஆகும்.

பங்சாரில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்குக் கடல் ஒன்றும் எட்டாத் தொலைவில் இல்லை. அப்துல்லா ஹுக்கும் நிலையத்தில் தொடர்வண்டி ஏறினால் அதே தடத்தின் கோடியில் கிள்ளான் துறைமுகம். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1972-இல் பெயர் மாற்றம் பெற்ற துறைமுகம் அது. பங்சார் இரப்பர்த் தோட்டமாக இருந்த நாளில் அங்குப் பால் வெட்டியவரும், இருப்புப்பாதை வேலைக்கு வந்தவரும் கடல் கடந்தே வந்தனர். நாகப்பட்டினத்திற்கும் மலாயாவிற்கும் இடையே 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயர் இன்றும் முதியோர் நினைவில் உண்டு. ஆனால், அக்கப்பலில் வந்தவர்கள் பயணிகள். சுக்கானும் திசைகாட்டியும் பிறர் கையில் இருந்தன. கடலைக் கடந்து வந்த மக்கள், கடலின் கணக்கை அறியாமலே கரையேறினர்.

அதே துறைமுகத்திலிருந்து 1990 முதல் பாய்மரப் படகுப் பந்தயம் ஒன்று புறப்பட்டு வருகிறது. அரச சிலாங்கூர் பாய்ப்படகுக் கழகம் நடத்தும் ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் பந்தயம் அது. நவம்பர்த் திங்களில் கிள்ளானில் தொடங்கும் படகுகள் பங்கோர், பினாங்கு ஆகிய தீவுகளைத் தொட்டு, இலங்காவியில் பந்தயத்தை முடிக்கின்றன. இலங்காவி, கெடா மாநிலத்தைச் சேர்ந்த தீவு. கெடாவைத்தான் தமிழ் மரபு கடாரம் என்று அறியும். 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கலங்கள் நாடி வந்த கடற்பரப்பில், இன்று பல நாட்டுப் பாய்கள் விரிகின்றன. அப்பாய்களைப் பற்றிப் பேசத் தமிழ் மாணவனிடம் சொல் உண்டா என்பதே கேள்வி.

பந்தயத்தைப் பார்ப்பது எவ்வாறு?

ஓட்டப் பந்தயத்தைத் திடலின் ஓரத்தில் நின்று பார்க்கலாம். பாய்ப்படகுப் பந்தயம் கரையிலிருந்து பார்ப்பவர்க்கு வெள்ளைப் புள்ளிகளின் கூட்டமாகவே தோன்றும். இக்காலத்தில் ஒவ்வொரு படகிலும் பொருத்தப்படும் கருவி, செயற்கைக்கோள்களின் துணையால் தன் இருப்பிடத்தைக் கணித்து, குறித்த இடைவெளிகளில் அதனை அனுப்பிக்கொண்டே இருக்கும். அவ்வாறு கிடைக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு நிலைப்புள்ளி. நிலைப்புள்ளிகளை இணைக்கும் கோடு, படகின் தடம். இரண்டு புள்ளிகளுக்கு இடையே நடந்ததைக் கணினி அறியாது. நேர்கோடு ஒன்றை இட்டு நிரப்பிவிடும். படகு தீவின் மேலேறிச் சென்றதுபோல் சிலவேளை வரைபடம் காட்டுவதன் காரணம் இதுவே. புள்ளி அளந்து பெற்றது. கோடு ஊகித்துப் பெற்றது. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவன், பந்தயத்தை மட்டுமன்றி எந்தப் புள்ளிவிவரத்தையும் கவனத்தோடு படிப்பான்.

பங்சார் வட்டாரத்தில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், இத்தகைய வரைபடத்தை வகுப்பில் திரையிட்டார். வடக்கே ஒரு மிதவை. படகுகள் அதனைச் சுற்றித் திரும்ப வேண்டும். காற்றும் வடக்கிலிருந்தே வீசியது. மிதவைக்கு நேர் தெற்கே நீலப் படகு. அதே உயரத்தில், ஆனால் மேற்கே வெகுவாக விலகி, சிவப்புப் படகு.

"நீலம்தான் முன்னணியில் இருக்கிறது ஐயா, மிதவைக்கு அதுவே அருகில்" என்றான் ஒரு மாணவன். வகுப்பு முழுவதும் அதை ஒப்புக்கொண்டது. சற்று நேரத்தில் சிவப்புப் படகு மிதவையை முதலில் சுற்றியது. "கருவி பழுதோ?" என்றான் மாணவன்.

"கருவி சரியாகத்தான் இருக்கிறது தம்பி. 'அருகில்' என்ற உன் சொல்லைத்தான் சரிபார்க்க வேண்டும்" என்றார் ஆசிரியர்.

அன்றைய தமிழ்ப் பாடம் அங்கேதான் தொடங்கியது. 'அருகில்' என்பது யாவரும் அறிந்த சொல். கடலில் அதன் பொருள் வேறு. பாய்ப்படகு காற்று வரும் திசைக்கு நேராகச் செல்ல இயலாது. அத்திசையிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விலகி, ஒருமுறை இடமும் ஒருமுறை வலமுமாக மாறிமாறித்தான் மேலேற முடியும். ஆகவே, மிதவைக்கு உள்ள நேர்த்தொலைவு எந்தப் படகும் ஓடாத தொலைவு. காற்றின் திசைக்குக் குறுக்கே, ஏணியின் படிகள்போல் இணைகோடுகளை இட்டுப் பார்க்க வேண்டும். இவற்றைப் படிக்கோடுகள் எனலாம். ஒரே படிக்கோட்டில் நிற்கும் இரு படகுகள், பக்கவாட்டில் எவ்வளவு விலகியிருப்பினும், சமநிலையில் உள்ளன. நீலமும் சிவப்பும் அவ்வாறே நின்றன. பின்னர்க் காற்று வடமேற்குப் பக்கம் திரும்பியது. காற்று திரும்பினால் ஏணியும் திரும்பும். மேற்கே நின்ற சிவப்பு, இருந்த இடத்திலிருந்தே மேற்படிக்கு உயர்ந்துவிட்டது.

காற்றின் பெயரும் நீரின் பெயரும்

வகுப்பில் தென்றல் யாது எனக் கேட்டபோது, 'இதமான இளங்காற்று' என்ற விடையே வந்தது. தென்றல் தெற்கிலிருந்து வருவது என்பதைச் சிலரே கூறினர். வாடை வடக்கிலிருந்தும், கொண்டல் கிழக்கிலிருந்தும், கோடை மேற்கிலிருந்தும் வருபவை. இவை முதலில் திசைப்பெயர்கள். இதமும் குளிரும் வெப்பமும் பின்னர் வந்து ஒட்டியவை. ஈழத்துக் கடற்கரையில் சோழகம், கச்சான் என்னும் பெயர்கள் இன்றும் மீனவர் நாவில் திசைப்பொருளோடு வழங்குகின்றன. கவிதையில் தென்றல் தெற்கை மறந்தாலும், படகு மறக்க இயலாது.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. காற்றுக்கு அது புறப்பட்டு வரும் திசையால் பெயர் இடுவர். நீரோட்டத்திற்கு அது செல்லும் திசையால் பெயர் இடுவர். வடகாற்று தெற்கு நோக்கி வீசும். வடக்கு நீரோட்டமோ வடக்கு நோக்கி ஓடும். உலகக் கடலோடிகள் அனைவரும் ஏற்ற வழக்கு இது. தமிழில் எழுதுவோர் 'வடக்கு நோக்கிய நீரோட்டம்' என்று விரித்து எழுதுவது நன்று. ஒரு வேற்றுமை உருபைச் சுருக்கப் போய்ப் படகையே எதிர்த்திசையில் செலுத்திவிடக் கூடாது.

நீரோட்டத்தைத் தமிழக மீனவர் நீவாடு என்பர். நிறைமதி நாளை வெள்ளுவா என்றும் மறைமதி நாளைக் காருவா என்றும் குறிப்பர். உவா நாள்களில் ஓதம் பெருகும் என்பது அவர்தம் நாளேட்டில் முதல் வரி. கிள்ளான் துறைமுகத்தில் உவா நாள்களில் நீர் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் இடையே ஏறத்தாழ நான்கு மீட்டர் வேறுபாடு உண்டு. அத்தனை நீரும் சில மணி நேரத்தில் வந்து மீள்வதால் அக்கரையோரத்தில் நீவாடு வலியது.

இங்கேதான் இருவகை வேகங்களைப் பிரித்தறிய வேண்டும். படகைச் சூழ்ந்த நீரை ஒப்பிட்டு அளப்பது நீர்வேகம். அசையாத தரையை ஒப்பிட்டு அளப்பது தரைவேகம். படகின் நீர்வேகம் 6 நாட். எதிர்நீவாடு 2 நாட் எனில், தரைவேகம் 4 நாட் மட்டுமே. நீவாடு துணையாயின் அதே படகு 8 நாட் வேகத்தில் விரையும். படகில் இருப்பவர் உணர்வது நீர்வேகம். வரைபடம் காட்டுவது தரைவேகம். 'நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறோம்' என்று படகினர் மகிழும் வேளையில், படகு ஒரே தீவைக் கடக்க மாட்டாமல் திணறுவதை வரைபடம் காட்டுவது இதனாலேயே.

நாட் என்னும் அளவைக்கும் ஒரு வரலாறு உண்டு. கடல் மைல் ஒன்றுக்கு 1,852 மீட்டர்; மணிக்கு ஒரு கடல் மைல் செல்வது ஒரு நாட். அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் முடிச்சு என்பது பொருள். முற்காலத்தில் பலகைத் துண்டொன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிவர். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்திற்கு ஒரு முடிச்சு. 28 நொடி மணற்கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கைநழுவிச் சென்றதோ, அத்தனை நாட் வேகம். இந்தக் கதையைக் கேட்ட மாணவன், நாட்டைக் கணித ஏட்டின் வறண்ட அலகாக எண்ணமாட்டான்.

விரைவும் பயனும்

அடுத்து வருவது பந்தயக் கணக்கின் உயிர்நிலை. காற்றை எதிர்த்து ஏறும் மூன்று படகுகளைக் கொள்வோம். முதற்படகு காற்றுத்திசைக்கு 40 பாகை நெருங்கி 5 நாட் வேகத்தில் செல்கிறது. இரண்டாவது 45 பாகையில் 6 நாட். மூன்றாவது 50 பாகையில் 6.5 நாட். காற்றுத்திசையில் ஒவ்வொன்றும் உண்மையில் எவ்வளவு முன்னேறுகிறது? கோசைனால் பெருக்கிப் பார்த்தால் முதலாவது 3.83, இரண்டாவது 4.24, மூன்றாவது 4.18 நாட். மிகநெருங்கிச் சென்றதும் வெல்லவில்லை. மிகவிரைந்து சென்றதும் வெல்லவில்லை. இலக்கை நோக்கிப் பயன்படும் இவ்வேகக் கூற்றைப் பயன்வேகம் என்று அந்த ஆசிரியர் பெயரிட்டார். 'ஓடுவது வேறு, முன்னேறுவது வேறு' என்று ஒரு மாணவி தன் ஏட்டில் எழுதி வைத்தாள்.

எந்தக் காற்றில், எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகம் கூடும் என்பதை ஒவ்வொரு படகிற்கும் முன்னரே வளைகோடாக வரைந்து வைத்திருப்பர். அதனைத் திறன்வரைபடம் எனலாம். பந்தயம் முடிந்தபின் தடத்தை அதனோடு ஒப்பிட்டால், படகு எங்கே தன் திறத்தை இழந்தது என்பது புலனாகும்.

காற்றிலும் இருவகை உண்டு. நிலைத்து நிற்பவர்மேல் படுவது மெய்க்காற்று. விரைந்து செல்பவர் தம் வேகமும் கலந்து உணர்வது மற்றொன்று. காற்றே இல்லாத மாலையில் மோட்டார் சைக்கிளில் செல்பவரின் முகத்தில் அறைகிறதே, அது. இதனைத் 'தோற்றக்காற்று' என மொழிபெயர்த்தால் பொருந்துமா என வகுப்பு ஆராய்ந்தது. காற்றுக்குத் தோற்றம் ஏது? தோலால் அறிவதற்கு 'உணர்காற்று' என்பதே தகும் என முடிவாயிற்று. பாய்க்கு வேலை கொடுப்பதும் இந்த உணர்காற்றே. அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் வைத்திருந்தால் இம்முடிவு பிறந்திராது. பொருளைத் தொட்டபின் சொல்லைத் தேடியதால் பிறந்தது.

அவ்வாறே, அணியம் காற்றைக் கடக்குமாறு திரும்புவது காற்றெதிர்த் திருப்பம். பின்புறம் காற்றைக் கடக்குமாறு திரும்புவது காற்றுவழித் திருப்பம். இனித் திரும்பாமலே மிதவையை எட்டலாம் என்னும் எல்லைக்கோடு, சேர்கோடு. காற்றின் அழுத்தத்தால் படகு பக்கவாட்டில் வழுவுவது பக்கநழுவல். இவை அவ்வகுப்பில் எழுந்த பெயர்கள். இவற்றினும் செவ்விய பெயர்களை வேறு வகுப்புகள் படைக்கலாம்.

முதலில் வந்தவர் வென்றவரா?

முதலில் கரை சேர்ந்த படகே வென்றது எனக் கருதுவதும் பிழையாகலாம். பெரிய படகும் சிறிய படகும் ஒரே பந்தயத்தில் ஓடும்போது, ஒவ்வொன்றிற்கும் அதன் வடிவத்திற்கேற்ற கெழு ஒன்று வழங்கப்படும். பெரிய படகு 10 மணியில் முடிக்கிறது. அதன் கெழு 1.000. சிறிய படகு 12 மணியில் முடிக்கிறது; அதன் கெழு 0.800. இவை ஓடிய நேரம். கெழுவால் பெருக்கக் கிடைப்பது திருத்திய நேரம். பெரியதற்கு 10 மணி. சிறியதற்கு 9 மணி 36 நிமிடம். இரண்டு மணி நேரம் பிந்தி வந்த சிறிய படகே வெற்றி பெறுகிறது. எவரை எவரோடு எந்த அளவுகோலால் ஒப்பிடுவது என்ற வினா ஆசிரியர்க்குப் புதியதன்று. மதிப்பெண் ஏட்டைத் திறக்கும்போதெல்லாம் எழுவதே.

ஒலிம்பிக்கில் இத்திருத்தம் இல்லை. ஒரு பிரிவில் அனைவர்க்கும் ஒரே வகைப் படகு. அத்தகைய தனிநபர்ப் பிரிவில், சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற சிறப்பை 2021-இல் பெற்றார். தோக்கியோ ஒலிம்பிக்கில் 35-ஆம் இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 21-ஆம் இடம். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2024-இல் 18-ஆம் இடம் பெற்றார். கடலை மறந்தனர் எனக் கருதப்பட்ட தமிழரிடையே இவர்கள் தோன்றியுள்ளனர். அவர்தம் ஆட்டத்தைத் தமிழில் விளக்கும் செய்தியாளர்க்குத் 'தோல்வி', 'வெற்றி' என்னும் இரு சொற்களுக்கு அப்பாலும் சொற்கள் வேண்டும்.

புள்ளி ஒன்றின் விலை

தடமும் நிலைப்புள்ளியும் விளையாட்டுச் சொற்கள்தாமே என ஒதுக்குவார்க்கு, அபிலாஷ் டாமி என்னும் இந்தியக் கடற்படை வீரரின் வரலாறு விடை கூறும். உலகைத் தனியே சுற்றிவரும் கோல்டன் குளோப் பந்தயத்தில் 2018-இல் அவர் கலந்துகொண்டார். போட்டியாளர் செயற்கைக்கோள் வழிகாட்டியின்றிப் பழைய முறையிலேயே செல்ல வேண்டும் என்பது அப்பந்தய விதி. ஆயினும், பந்தயத்தை நடத்துவோர் ஒவ்வொரு படகின் இருப்பிடத்தையும் அறிந்துகொண்டே இருப்பர். அவ்வாண்டு செப்டம்பரில் தென்னிந்தியப் பெருங்கடலின் புயலில் அவருடைய 'துரியா' படகின் பாய்மரங்கள் முறிந்தன. முதுகெலும்பு அடிபட்டு, எழவும் இயலாமல் கிடந்தார். கரையோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். மூன்றாம் நாள் பிரான்சு நாட்டுக் கப்பல் ஒன்று அவரைக் கண்டுபிடித்து மீட்டது. வரைபடத்தில் அவருடைய நிலைப்புள்ளி இருந்ததால்தான், எல்லையற்ற நீர்ப்பரப்பில் ஒரு சிறு படகைத் தேடிச் செல்ல முடிந்தது. அதே வீரர் 2022-இல் மீண்டும் புறப்பட்டு, 2023 ஏப்ரலில் இரண்டாம் இடம் பெற்று மீண்டார்.

கொடுத்ததும் கொண்டதும்

கடற்சொல் எதுவும் ஓர் இனத்தின் தனியுடைமையாக இருந்ததில்லை. சுக்கானும் மாலுமியும் அரபு வழி வந்த சொற்கள்; நங்கூரம் பாரசீக வழியது. பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். பாயின் கீழ்முனையை இழுத்துக்கட்டும் கயிறு தாமான். பங்சார்ப் பிள்ளைக்குத் தாமான் என்றால் வீடமைப்புப் பகுதி. அதே ஒலியில் கடற்றமிழில் ஒரு கயிறு இருப்பதை அறிந்தபோது வகுப்பு சிரித்து மகிழ்ந்தது. கூம்பு, மீப்பாய் என்ற பழஞ்சொற்கள் புறநானூற்றில் உள்ளன. கட்டுமரமோ தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்று, மரங்களைப் பிணைத்த மிதவை என்னும் பொருளை விடுத்து, இரட்டை உடற்படகைக் குறிக்கலாயிற்று. 2013-இல் அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்தில் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பறந்தோடிய பெரும்படகுகள் அப்பெயரையே தாங்கின. சொல்லைக் கடலோடி கூச்சமின்றிப் பெற்றான், கூச்சமின்றித் தந்தான். பொருளில் மட்டும் பிழை பொறுக்கவில்லை.

இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்து, விவாதம் மீண்டும் எழுந்தது. அறிவியலைத் தமிழ் தாங்குமா என்று வினவுவோர்க்கு மேடையில் விடை கூறலாம். வகுப்பறையில் கூறும் விடையே நிலைக்கும். கோசைனும் நீவாடும் ஒரே வாக்கியத்தில் இயல்பாக அமரும் நாளில் அவ்வினா தானே அடங்கும்.

அதற்கு ஆசிரியர் மூன்று செய்யலாம். பொருளை முதலிற் காட்டுக. மீனவர் வழக்கிலும் பழைய நூல்களிலும் சொல் உண்டா எனப் பின்னர்த் தேடுக. கிடைக்காவிடில், நாட் போன்ற உலகச் சொல்லைத் தயங்காது ஏற்கவோ, உணர்காற்றுப் போன்ற புதுச்சொல்லை மாணவரோடு அமர்ந்து ஆக்கவோ முற்படுக. நவம்பர் வரும்போது ஒரு சனிக்கிழமை மாணவரைத் தொடர்வண்டியில் கிள்ளான் துறைமுகத்திற்கு அழைத்துச் செல்லலாம். காற்று எத்திசையிலிருந்து வருகிறது, நீர் எத்திசை நோக்கிச் செல்கிறது என்ற இரண்டே வினாக்கள் போதும். விடையைத் தமிழில் எழுதிக் கேட்க வேண்டும்.